நான்கு குரல்களுக்கு மேல் எழும் ஐந்தாவது சுரம்

1979 தொடங்கி 2006 வரை, அமெரிக்காவின் பார்பர்ஷாப் சேர்ந்திசைப் போட்டியில் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குழுதான் தங்கம் வென்றது. டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரத்துக் குழு அது. பெயர் 'வோகல் மெஜாரிட்டி'. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் தோற்றுவிடவில்லை. தங்கம் வென்ற குழு அடுத்த இரண்டு ஆண்டுகள் மேடை ஏறக் கூடாது என்பது போட்டியின் விதி. விலக்கு முடிந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் வென்றார்கள். 1975இல் பெற்ற முதல் தங்கத்தைச் சேர்க்காமலே, அந்தத் தொடரில் மட்டும் பத்துத் தங்கங்கள். கலிபோர்னியாவின் சான்டா ஃபே ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து வந்த 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஹார்மனி' 1990இல் இதேபோல ஒரு தொடரைத் தொடங்கி 2011 வரை எட்டுத் தங்கங்களை எடுத்துச் சென்றது. ஆக, 1990க்குப் பிறகு நெடுங்காலம் மூன்றில் ஓர் ஆண்டுதான் மற்ற குழுக்களுக்கு மிச்சமிருந்தது.

இவர்கள் பாடிப் பிழைக்கிறவர்கள் அல்லர். பகலில் அலுவலகத்திலும் பள்ளியிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு மாலை கூடிப் பயிற்சி செய்கிறவர்கள். சந்தாவைத் தாங்களே கட்டுகிறார்கள். போட்டிக்குப் போகும் பயணச் செலவையும் பெரும்பாலும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களும் இவர்களில் உண்டு. தன் பகுதிக் குரல் மட்டும் தூக்கலாக ஒலிக்கும் பயிற்சிப் பதிவைக் காரில் போகும்போதும் வரும்போதும் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஓராண்டு உழைப்பின் பலன் மேடையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு பாட்டு, பெரும்பாலும் ஒன்று நெகிழ்வான மெதுநடை, மற்றொன்று துள்ளல். வாத்தியம் கிடையாது, கையில் தாளும் கிடையாது. சிறு சுருதிக்குழலில் ஒரே ஒரு ஊது. அவ்வளவுதான், நூறு குரல்கள் படிமேடையிலிருந்து எழும்.

இந்த இசையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் கர்நாடக இசைச் சொற்களிலேயே விளக்கலாம். பாடகர்கள் நான்கு பிரிவாக நிற்கிறார்கள். மெட்டைப் பாடுகிறவர் லீட். அதற்கு மேலே மெலிதாக டெனர், அடியில் பேஸ். மிச்சமிருக்கும் இடங்களை எல்லாம் மேலும் கீழும் தாவி நிரப்புகிறவர் பாரிடோன். பேஸ் சட்ஜத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒருவர் அந்தர காந்தாரம், ஒருவர் பஞ்சமம், இன்னொருவர் கைசிகி நிஷாதத்துக்குச் சற்று கீழே. நான்கும் ஒரே கணத்தில் ஒலித்தால் கிடைப்பதுதான் பார்பர்ஷாப் ஏழாம் கார்டு. அதிர்வெண்களின் விகிதம் 4:5:6:7.

இந்த விகிதம் பியானோவில் கிடைக்காது. பியானோவின் அரைச்சுர இடைவெளிகள் எல்லாம் சமமாகப் பங்கிடப்பட்டவை. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால், பியானோவின் காந்தாரம் இயற்கையான இடத்தைவிடச் சுமார் 14 பங்கு உயரத்திலும், நிஷாதம் சுமார் 31 பங்கு உயரத்திலும் நிற்கின்றன. 31 பங்கு என்பது அரைச்சுரத்தில் மூன்றில் ஒன்று. பழகிய காது அதைச் சட்டென்று பிடித்துவிடும். வாத்தியம் இல்லாத நான்கு மனிதர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ள முடியும். அப்படிச் சரியாகும் நொடியில் நால்வரின் மேற்சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வலுவடைகின்றன. யாருமே பாடாத ஒரு சுரம் மேலே கேட்கிறது. பார்பர்ஷாப் பாடகர்கள் இதை 'ரிங்' என்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமானதல்ல. சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே மீட்டப்படும் தம்புராவில், சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தால், அந்தர காந்தாரம் தானாக எழும். அதைச் சுயம்பு காந்தாரம் என்று நம் இசைவாணர்கள் சொல்வார்கள். தந்தியிலிருந்து அது பிறக்கும் இயற்பியலும் டாலஸ் பாடகர்களின் ரிங்கும் ஒன்றேதான்.

நான்கு பேருக்கே கடினமான இந்தக் காரியத்தை நூறு பேர் செய்வது எப்படி? பயிற்சியின் பெரும்பகுதி உயிரெழுத்துகளிலேயே போய்விடுகிறது. ஒருவர் 'ஆ' என்று வாயை அகலத் திறக்க, பக்கத்தில் நிற்பவர் 'ஓ'வின் சாயலோடு சொன்னால், இருவரும் ஒரே சுருதியில் நின்றாலும் மேற்சுரங்கள் பொருந்தாது, ரிங் எழாது. குரல்களின் எண்ணிக்கையிலும் கணக்குண்டு. கூம்பு போல அடியில் அகன்று மேலே குறுகிய அமைப்பு: பேஸும் லீடும் அதிகம், டெனர் மிகக் குறைவு. நல்ல குரல் படைத்த ஒருவர் தன் குரல் தனித்துத் தெரியும்படி பாடினால் குழு முழுவதும் கெடும். நூற்றில் ஒருவராகக் கரைந்துபோக ஒப்புக்கொள்கிறவருக்குத்தான் அங்கே இடம்.

வோகல் மெஜாரிட்டிக்கு வெற்றி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. வானொலி விளம்பரங்களுக்கான குறும்பாடல்கள் தயாரிக்கும் தொழிலுக்கு டாலஸ் நகரம் அமெரிக்காவில் பேர்போனது. குழுவை நெடுங்காலம் நடத்திய ஜிம் கிளான்சி அந்தத் தொழிலில் இருந்தவர். சில நொடிகளுக்குள் ஒரு சொல்லும் மங்காமல் பல குரல்களை ஒரு குரலாக்குவது ஒலிப்பதிவுக் கூடத்தின் அன்றாட வேலை. அந்தத் துல்லியத்தை அவர் படிமேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் அவருடைய மகன் கிரெக் கிளான்சியின் கைக்குப் பொறுப்பு வந்தது. 2014, 2018 தங்கங்களோடு எண்ணிக்கை பதின்மூன்றானது.

போட்டி என்று வந்துவிட்டால் அளவுகோல் வேண்டும். 1993 முதல் மூன்று பிரிவுகளில் மதிப்பெண் இடுகிறார்கள்: இசையமைப்பு, பாடும் திறன், மேடை நிகழ்த்துகை. உலகப் போட்டியில் பிரிவுக்கு ஐந்து பேராகப் பதினைந்து நடுவர்கள் உட்காரும்போது, ஒவ்வொரு நடுவரும் ஒரு பாட்டுக்கு நூறு வரை தரலாம். இரண்டு பாட்டுக்கும் சேர்த்து உச்சம் 3000. முதல் ஐந்து குழுக்களுக்குப் பதக்கம் உண்டு: ஒரு தங்கம், ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம். வாத்தியத் துணை கூடாது. பாட்டு முதன்மையாகப் பக்திப் பாடலாகவோ தேசபக்திப் பாடலாகவோ இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியின் நியாயம் புரிகிறது. கடவுள் மீதும் நாட்டின் மீதும் கேட்பவருக்குள்ள பற்று மதிப்பெண்ணில் கலந்துவிடக் கூடாது. ஆனால் இந்த இசையின் வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால் அதே விதி வேறு மாதிரித் தோன்றுகிறது.

அந்த வரலாறு பல ஆண்டுகள் தவறாகவே சொல்லப்பட்டது. கோடு போட்ட மேல்சட்டை, வைக்கோல் தொப்பி, முறுக்கு மீசையோடு நான்கு வெள்ளையர்கள் சலூன் வாசலில் நின்று பாடும் காட்சிதான் அமெரிக்கர் மனத்தில் பதிந்த படம். ஓவியர் நார்மன் ராக்வெல் 1936இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழின் அட்டைக்கு வரைந்ததும் நான்கு வெள்ளையர்கள் சேர்ந்து பாடும் சலூனைத்தான். 1957இல் பிராட்வேயில் அரங்கேறிய 'தி மியூசிக் மேன்' இசை நாடகமும், அதில் பாடிய 'பஃபலோ பில்ஸ்' நால்வர் குழுவும் அந்தப் படத்தை மேலும் அழுத்திப் பதித்தன.

உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் தென்மாநிலங்களில் முடிதிருத்தும் தொழில் பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கர் கையில் இருந்தது. அவர்களுக்கு நுழைவு மறுக்கப்பட்ட இடங்கள் எத்தனையோ இருந்த காலத்தில் சலூன் அவர்களுடைய சொந்த இடம். அங்கே கூடினார்கள், பேசினார்கள், காத்திருந்த நேரத்தில் பாடினார்கள். ஒருவர் மெட்டைத் தொடங்க, மற்ற மூவரும் காதால் கேட்டுத் தம் இடத்தைத் தேடிக்கொள்வார்கள். முன்கூட்டி எழுதி வைத்தது எதுவும் இல்லை. (முடிதிருத்தும் தொழிலும் இசையும் ஒரே வீட்டில் இருப்பது நமக்கும் தெரிந்ததுதான். தமிழகத்து மருத்துவர் சமூகத்தில் நாகசுரமும் தவிலும் வாசித்த குடும்பங்கள் உண்டு.) லூயிஸ் ஆம்ஸ்டிராங் சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருமுனைகளில் இப்படி ஒரு நால்வர் குழுவில் பாடியவர். ஒஹாயோ மாநிலத்தின் பிக்வா ஊரில் பிறந்த மில்ஸ் சகோதரர்களின் தந்தை அங்கே சலூன் நடத்தியவர். கவிஞரும் குடிசார் உரிமைப் போராளியுமான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1925இலேயே, ஆப்பிரிக்க அமெரிக்க ஆன்மிகப் பாடல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் இதைப் பதிவு செய்துவிட்டார். ஆனாலும் அந்தச் சாட்சியம் பொதுநினைவில் நிற்கவில்லை. 1992இல் ஆய்வாளர் லின் அபட் பழைய கறுப்பினப் பத்திரிகைகளையும் இசைக் கலைஞர்களின் நினைவுகளையும் திரட்டி 'அமெரிக்கன் மியூசிக்' ஆய்விதழில் நிறுவிய பிறகுதான் விவாதம் திரும்பியது.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது வெறும் மறதி அல்ல.

1938இல், ஓக்லஹோமாவின் டல்சா நகரைச் சேர்ந்த வரி வழக்கறிஞர் ஓவன் கேஷும் முதலீட்டு வங்கியாளர் ரூபர்ட் ஹாலும் கன்சாஸ் சிட்டியில் ஒரு விடுதி முகப்பில் சந்தித்துக்கொண்டார்கள். பயணம் தடைபட்ட நேரம். இளமையில் பாடிய பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் நண்பர்களுக்குக் கடிதம் போட்டார்கள். ஏப்ரல் 11 அன்று டல்சாவில் ஒரு கட்டடத்தின் மாடியில் 26 பேர் கூடினார்கள். 'அமெரிக்காவில் பார்பர்ஷாப் நால்வர் பாடலைப் பாதுகாத்து ஊக்குவிக்கும் சங்கம்' என்று வேண்டுமென்றே நீண்ட பெயர் வைத்தார்கள். ரூஸ்வெல்ட் ஆட்சியில் முளைத்த எழுத்துச் சுருக்கத் துறைகளைக் கேலி செய்யும் பெயர் அது. அடுத்த ஆண்டே டல்சாவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 'பார்ட்டில்ஸ்வில் பார்ஃபிளைஸ்' நால்வர் வென்றார்கள். 1940இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வென்றவர்கள் ஓக்லஹோமா சிட்டியின் நான்கு போலீஸ்காரர்கள்.

1941இல் நியூயார்க் நகரப் போட்டியில் 'கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ்' என்ற நால்வர் முதலிடம் பெற்றார்கள். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சிவப்புத் தொப்பியணிந்து பயணிகளின் சுமை தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் அவர்கள். நகர வெற்றியாளர்கள் அடுத்து செல்ல வேண்டிய இடம் செயின்ட் லூயிஸில் நடந்த தேசியப் போட்டி. சங்கம் அவர்களை அனுமதிக்கவில்லை. காரணம் நிறம். நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித்தும் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸும் கண்டனம் தெரிவித்துச் சங்கத்திலிருந்து விலகினார்கள். சங்கம் அசையவில்லை. நிறத் தடை நீங்க 1963 வரை ஆனது.

கறுப்பினத்தவர் உருவாக்கிய இசையைப் பாதுகாக்க என்று தொடங்கிய சங்கம், அவர்களையே வாசலில் நிறுத்தியது. இதில் மென்மையாகச் சொல்ல எதுவும் இல்லை. பக்திப் பாடல் தடையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பின நால்வர் இசையின் ஒரு கால் சலூனில் என்றால் மறு கால் தேவாலயத்தில். 'ஜூபிலி' நால்வர் குழுக்களும் பின்னர் வந்த காஸ்பல் குழுக்களும் அந்த மரபின் நேர் வாரிசுகள். போட்டி மேடையின் விதியோ பக்தியை வெளியே நிறுத்துகிறது. விதி எழுதியவர்கள் மனத்தில் நிறப்பாகுபாடு இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால், ஒரு மரபின் பாதியை வெட்டிவிட்டு மிச்சப் பாதியை மட்டும் 'தூய வடிவம்' என்று அழைக்கும் பழக்கத்துக்கு அது துணை போனது.

பெண்கள் கதையும் இதே வரிசையில் வருகிறது. 1945இல் அதே டல்சாவில், பார்பர்ஷாப் பாடகர்களின் மனைவியர் சிலரோடு எட்னா மே ஆண்டர்சன் தொடங்கிய 'ஸ்வீட் அடலைன்ஸ்' சங்கம் வேகமாக வளர்ந்தது. 1950களின் இறுதியில் அதுவும் உறுப்பினர் உரிமையை வெள்ளையருக்கு மட்டுமாக்கியது. அதை ஏற்க மறுத்த கிளைகள் வெளியேறி 1959இல் 'ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்' என்ற தனிச் சங்கத்தை அமைத்தன. இன்றும் அது இயங்குகிறது. இந்த வரலாற்றில் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க செயல் எது என்று கேட்டால், அந்தப் பெண்களின் வெளிநடப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சேர்ந்திசைக் குழுக்களின் போட்டி இந்தக் கதையில் சற்றுப் பின்னால் வந்தது. முதல் பதினைந்து ஆண்டுகள் போட்டி நால்வர் குழுக்களுக்கே இருந்தது. ஆனால் கிளைக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர். அவர்களில் நால்வராக நின்று பாடும் துணிவும் திறனும் எல்லோருக்கும் இருக்காது. கூட்டமாகப் பாடுவதே வழக்கமாகி, 1953இல் சேர்ந்திசைக்குத் தனிப் போட்டி வந்தது. மிஷிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸைச் சேர்ந்த 'கிரேட் லேக்ஸ் கோரஸ்' முதல் வெற்றியாளர். அதன்பின் 1962க்கும் 1984க்கும் இடையில் லூயிவில் நகரின் 'தரோபிரெட்ஸ்' ஏழு முறை வென்றது. சாதாரணக் குரல் படைத்த சாதாரண மனிதர் ஒருவர் ரிங்கின் நடுவே நிற்கும் வாய்ப்பு இந்தப் போட்டியால்தான் வந்தது.

போட்டி கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும் இரண்டும் உண்மை. தெருமுனையில் காதால் தேடிப் பாடிய முறைக்கு 'வுட்ஷெட்டிங்', அதாவது விறகுக் கொட்டகையில் பாடுவது என்று பெயர். மேடையில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு சுரமும் மாதக்கணக்கில் எழுதித் திருத்தி ஒத்திகை பார்க்கப்படுகிறது. வுட்ஷெட்டிங் இன்று மாநாடு நடக்கும் விடுதிகளின் நடைபாதையில் நள்ளிரவில் உயிரோடிருக்கிறது. முன்பின் தெரியாத நால்வர் நின்று, ஒரு பாட்டின் கடைசி வரிகளை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பாடிப் பிரிகிறார்கள். இந்த நடைபாதைதான் பழைய சலூனுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் போட்டி இல்லாதிருந்தால் ஏழாம் கார்டின் துல்லியம் இந்த உயரத்தை எட்டியிருக்காது. அடுத்த தலைமுறையும் வந்திருக்காது. கலிபோர்னியாவில் இளைஞர்கள் சேர்ந்து 2002இல் அமைத்த 'வெஸ்ட்மின்ஸ்டர் கோரஸ்' ஐந்தே ஆண்டுகளில் தங்கம் வென்றது. 2009இல் வேல்ஸ் நாட்டின் லங்கோலன் இசைவிழாவில், எல்லா வகைச் சேர்ந்திசைக் குழுக்களும் மோதும் மேடையில், உலகின் சிறந்த குழுவுக்கான பவரோட்டி கோப்பையையும் கைப்பற்றியது. 2012இல் ஸ்டாக்ஹோமின் 'ரிங்மாஸ்டர்ஸ்', 2014இல் நியூசிலாந்தின் 'மியூசிகல் ஐலண்ட் பாய்ஸ்' என்று நால்வர் தங்கமும் வட அமெரிக்காவைத் தாண்டியது.

அதே 2009ஆம் ஆண்டு கோடையில் கலிபோர்னியாவின் அனாஹைமில் நடந்த போட்டிதான் வோகல் மெஜாரிட்டியின் முப்பதாண்டுத் தொடரை முறித்தது. வென்றவர்கள் மிசோரி மாநிலத்தின் செயின்ட் சார்லஸைச் சேர்ந்த 'அம்பாசடர்ஸ் ஆஃப் ஹார்மனி'. 'தி மியூசிக் மேன்' நாடகத்தின் புகழ்பெற்ற டிராம்போன் பாட்டை, நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் உடை மாறி, வாத்திய அணியாகவே உருமாறிப் பாடினார்கள். அரங்கம் எழுந்து நின்றது. அந்தக் குழுவின் இயக்குநர்களில் ஒருவர் ஜிம் ஹென்றி. அதே வாரத்தில் அவர் பேஸ் பாடிய 'கிராஸ்ரோட்ஸ்' நால்வர் குழுவும் தங்கம் வென்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வின் பொருள், பார்பர்ஷாப் இசையின் ஆப்பிரிக்க அமெரிக்கத் தோற்றம். ரெட் கேப்ஸ் நால்வருக்கு மேடை மறுக்கப்பட்ட அதே நகரம்.

சங்கமும் மெதுவாக மாறியது. 2004இல் 'பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி' என்ற பெயரை ஏற்றது. 2018இல் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை தந்தது. எண்பது ஆண்டு தாமதம்.

இந்த இசையைக் கேட்க விரும்பும் தமிழ் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வெஸ்ட்மின்ஸ்டர் கோரஸின் பளபளப்பிலிருந்து தொடங்க வேண்டாம். 1902இல் விக்டர் நிறுவனம் பதிவு செய்த 'டின்விடி' கறுப்பின நால்வரின் கரகரத்த இசைத்தட்டை முதலில் கேளுங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அடுத்து மில்ஸ் சகோதரர்கள். அதற்குப் பிறகு வோகல் மெஜாரிட்டி. கரகரப்பு குறைந்து குரல்கள் பெருகிக்கொண்டே வரும். மேலே எழும் அந்தச் சுரம் மட்டும் மூன்றிலும் ஒன்றாகவே கேட்கும்.